உடலசைவு வீடியோ விளையாட்டுகளும் உடற்பயிற்சியும்

உடலசைவு வீடியோ விளையாட்டு என்பது கை, கால், உடல் ஆகியவற்றின் அசைவையே கட்டளையாக ஏற்றுத் திரையில் நிகழும் விளையாட்டு வகையாகும். வழக்கமான வீடியோ விளையாட்டில் ஆடுபவர் அமர்ந்த இடத்தில் விரல்களால் பொத்தான்களை அழுத்துவார். இவ்வகையில் அவர் எழுந்து நின்று வீசவும் மிதிக்கவும் குதிக்கவும் குனியவும் வேண்டும். உடற்பயிற்சி, விளையாட்டு என்னும் பொருளுடைய இரு ஆங்கிலச் சொற்களை இணைத்து இதனை எக்சர்கேமிங் என்றும் அழைப்பர்.

இவ்விளையாட்டுகளை ஆடினால் உடற்பயிற்சி செய்ததாகக் கொள்ளலாமா என்பதே பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் பொதுவாக எழுப்பும் கேள்வி. 2000ஆம் ஆண்டுக்குப் பின் நடந்த ஆய்வுகள் இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை தரவில்லை. கருவி எந்த அசைவை அளக்கிறது, ஆடுபவர் எப்படி ஆடுகிறார், எத்தனை வாரம் தொடர்கிறார் என்பவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

உடலசைவால் விளையாட்டை இயக்கும் முயற்சி புதியதன்று. 1982ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அமிகா நிறுவனம், அட்டாரி 2600 விளையாட்டுக் கருவியுடன் இணைக்கத்தக்க ஜாய்போர்டு என்னும் பலகையை வெளியிட்டது. அதன்மீது நின்று இடமும் வலமும் சாய்ந்தால் திரையில் பனிச்சறுக்கு வீரர் அதற்கேற்பத் திரும்புவார். அது பெரிய அளவில் விற்பனையாகவில்லை.

1986இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் ஃபேமிலி டிரெய்னர் என்னும் பாயை வெளியிட்டது. 1988இல் நின்டெண்டோ நிறுவனம் இதையே பவர் பேட் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. தரையில் விரிக்கும் இந்தப் பாயில் 12 அழுத்த உணரிகள் இருந்தன. ஓட்டப் பந்தயத்தில் வெல்ல, நின்ற இடத்திலேயே இரு கால்களாலும் மாறி மாறி மிதிக்க வேண்டும். சிறுவர்கள் இதற்கு விரைவிலேயே குறுக்குவழி கண்டுபிடித்தனர். மண்டியிட்டு அமர்ந்து உள்ளங்கைகளால் பாயைத் தட்டி ஓட்டத்தில் வென்றார்கள். நீளம் தாண்டலில் பாயை விட்டு இறங்கி நின்று, சற்றுப் பொறுத்து மீண்டும் மிதித்தார்கள். பாய் அழுத்தத்தை மட்டுமே அறியும். அழுத்தியது காலா கையா என்பதை அறியாது. இந்தக் குறை பின்னர் வந்த கருவிகளிலும் வேறு வேறு வடிவில் தொடர்ந்தது.

1998இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற நடன விளையாட்டை விளையாட்டுக் கூடங்களில் அறிமுகப்படுத்தியது. முன், பின், இடம், வலம் என நான்கு அம்புக்குறிகள் மேடையில் இருக்கும். பாட்டின் தாளத்திற்கேற்பத் திரையில் மேலேறி வரும் குறிகளைப் பார்த்து அவற்றைக் காலால் மிதிக்க வேண்டும். உடற்பயிற்சிக் கருவியாக இது உருவாக்கப்படவில்லை. ஆனால் ஆடியவர்களுக்கு வியர்த்துக் கொட்டியதால் மருத்துவ ஆய்வாளர்களின் கவனம் இதன் பக்கம் திரும்பியது. 2003இல் சோனி நிறுவனத்தின் ஐடாய் என்னும் கேமரா, ஆடுபவரின் உருவத்தையே திரையில் காட்டி அவரது கையசைவால் விளையாட்டை நடத்தியது.

இவ்வகை விளையாட்டுகள் உலகெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது 2006 நவம்பரில் வெளியான நின்டெண்டோ வீ கருவியால்தான். டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை ஆகிய ஐந்தும் அடங்கிய வீ ஸ்போர்ட்ஸ் தொகுப்பு, பல நாடுகளில் கருவியுடன் சேர்த்தே தரப்பட்டது. இதன் 8 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் மக்களிடம் சென்றன. 2007 டிசம்பரில் ஜப்பானில் வெளியான வீ ஃபிட், உடற்பயிற்சியையே நோக்கமாகக் கொண்டது. நின்டெண்டோவின் முதன்மை வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவுக்கு நாள்தோறும் எடை பார்க்கும் பழக்கம் இருந்தது. அதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்ததாக அவர் கூறியுள்ளார். இதன் 2 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

2010இல் சோனியின் மூவ் கருவியும் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் கருவியும் வெளிவந்தன. கினெக்ட் முதல் 60 நாள்களில் 80 லட்சம் விற்று, மிக விரைவாக விற்ற நுகர்வோர் மின்னணுக் கருவி என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. ஆயினும் அந்த ஆர்வம் நீடிக்கவில்லை. 2017இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2019 அக்டோபரில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காக வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர், அடுத்த ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது கடைகளில் கிடைக்காத அளவுக்கு விற்றுத் தீர்ந்தது. 2023 ஜூனில் சிங்கப்பூரில் நடைபெற்ற ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில், உடலில் உணரிகளை அணிந்து மோதும் மெய்நிகர் டேக்வாண்டோவும் ஜஸ்ட் டான்ஸ் நடன விளையாட்டும் இடம்பெற்றன.

கருவிகள் அசைவை உணரும் முறை

விளையாட்டினால் உடலுக்கு என்ன பயன் என்பதை அறிய, கருவி எதை அளக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

வீயின் கைப்பிடிக்குள் முடுக்கமானி என்னும் சிறிய சில்லு உள்ளது. திசைவேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே முடுக்கம். சில்லுக்குள் நுண்ணிய நிறை ஒன்று மெல்லிய வில்களில் தொங்குகிறது. கைப்பிடியை வீசும்போது அந்நிறை பின்தங்கிச் சிறிது நகர்கிறது; அந்நகர்வு மின்குறியாக மாற்றப்படுகிறது. கைப்பிடி அசையாமல் இருக்கும்போதும் புவியீர்ப்பு இந்நிறையை இழுப்பதால், கைப்பிடி எந்தப் பக்கம் சாய்ந்துள்ளது என்பதும் தெரிந்துவிடும். தொலைக்காட்சியின் மேல் வைக்கப்படும் பட்டையை உணரிப் பட்டை என்று அழைத்தாலும் அதில் உணரி எதுவும் இல்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகளே உள்ளன. அவற்றைப் பார்க்கும் கேமரா கைப்பிடியின் முனையில் இருக்கிறது.

முடுக்கமானி அளப்பது முடுக்கத்தை மட்டுமே. செலவான உழைப்பை அன்று. தோளிலிருந்து முழுக் கையையும் சுழற்றி டென்னிஸ் மட்டையை வீசுவதுபோல் வீசினாலும், சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று திருப்பினாலும் சில்லுக்கு ஏறக்குறைய ஒரே அளவு முடுக்கமே தென்படும். மணிக்கட்டின் பாதை சிறியதாயினும் அது நொடியின் சிறு பகுதியில் நிகழ்வதே இதற்குக் காரணம். மேலும் வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸில் பந்தை நோக்கி ஓடுவது திரையில் உள்ள உருவமே. ஆடுபவர் ஓட வேண்டியதில்லை. பழகப் பழகப் பலரும் பெரிய வீச்சை விட்டுச் சிறிய அசைவுக்கு மாறுவதற்கு இதுவே காரணம். அவர்கள் சோம்பேறிகள் என்பதில்லை. வெற்றிக்குத் தேவையான மிகக் குறைந்த உழைப்பைக் கண்டறிவது எந்தத் திறனிலும் தேர்ச்சியின் ஒரு பகுதியே.

வீ ஃபிட்டின் சமநிலைப் பலகை வேறு வகையைச் சேர்ந்தது. அதன் நான்கு மூலைகளிலும் எடை உணரிகள் உள்ளன. நான்கின் கூட்டுத்தொகை உடல் எடையைத் தரும். நான்கிற்கும் இடையிலான வேறுபாடு, உடலின் பாரம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைக் காட்டும். உடலின் ஆட்டத்தை அளக்க ஆய்வகங்களில் விலை உயர்ந்த விசைத்தட்டுகள் பயன்படுகின்றன. அவற்றின் அளவீடுகளோடு இப்பலகையின் அளவீடுகள் நன்கு ஒத்துப்போவதை 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர்.

கினெக்ட்டில் கையில் பிடிப்பதற்கு எதுவுமில்லை. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் வீசி, அவை விழும் அமைப்பைக் கேமராவால் பார்த்து ஒவ்வோர் இடத்தின் தொலைவையும் கணக்கிடும். அதிலிருந்து தலை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என 20 புள்ளிகளைக் கொண்ட எலும்புக்கூடு போன்ற உருவத்தை அமைக்கும். மணிக்கட்டை மட்டும் அசைத்து இதை ஏமாற்றுவது கடினம். ஆனால் ஒருவர் ஆடவே ஏறத்தாழ 2 மீட்டர் வெற்றிடம் தேவைப்பட்டது. சிறிய வீடுகளில் அது இயலவில்லை.

ரிங் ஃபிட்டில் வளைந்து கொடுக்கும் வளையம் ஒன்று உள்ளது. அதை இரு கைகளாலும் அழுத்தும்போதும் இழுக்கும்போதும் எவ்வளவு விசை செலுத்தப்படுகிறது என்பதை அதிலுள்ள உணரி அளக்கிறது. இன்னோர் உணரி இடது தொடையில் கட்டப்படுகிறது. நின்ற இடத்திலேயே ஓடினால்தான் கதாபாத்திரம் முன்னே செல்லும். எதிரியை வெல்ல, உட்கார்ந்து எழுதல் போன்ற பயிற்சிகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்ய வேண்டும். அதாவது இங்கே அளக்கப்படுவது கையின் விசையும் தொடையின் அசைவும் ஆகும். உடலின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பதால், காலை இயக்க வைக்கும் விளையாட்டு கையை மட்டும் இயக்க வைக்கும் விளையாட்டைவிடக் கூடுதல் ஆற்றலைச் செலவழிக்க வைக்கிறது.

எவ்வளவு ஆற்றல் செலவாகிறது?

உடலுழைப்பின் கடுமையை அளக்க மெட் என்ற அலகு பயன்படுகிறது. அமைதியாக அமர்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றல் 1 மெட். இது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கிலோ கலோரி ஆகும். 3 மெட்டுக்குக் குறைவானவை இலேசான உழைப்பு, 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு, 6க்கு மேல் கடும் உழைப்பு எனப் பிரிக்கப்படுகின்றன. விரைந்த நடை மிதமான உழைப்பிலும் ஓட்டம் கடும் உழைப்பிலும் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, 50 கிலோ எடையுள்ள மாணவர் அரை மணி நேரம் அமர்ந்திருந்தால் 25 கிலோ கலோரி செலவாகும். 3 மெட் அளவுள்ள விளையாட்டை அதே நேரம் ஆடினால் 75 கிலோ கலோரி செலவாகும். விளையாட்டினால் கூடுதலாகச் செலவானது 50 கிலோ கலோரி. எப்படியும் செலவாகியிருக்கும் 25 கிலோ கலோரியையும் இதில் சேர்த்துவிட்டால் பயன் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

2006இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 8 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் ஆடியபோது ஆற்றல் செலவு ஓய்வுநிலையைவிட இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. 2007இல் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 முதல் 15 வயதுக்குட்பட்ட 11 பேரிடம் வீ ஸ்போர்ட்ஸை ஆராய்ந்தனர். அமர்ந்து ஆடும் விளையாட்டைவிடக் குறைந்தது 51 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவானது. எனினும் உண்மையான டென்னிஸ், குத்துச்சண்டை ஆகியவற்றைவிட அது குறைவு என்றும், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அன்றாட உடற்பயிற்சிக் கணக்கில் சேரும் அளவுக்குக் கடுமையானதன்று என்றும் அவர்கள் எழுதினர்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. வீ ஸ்போர்ட்ஸ், வீ ஃபிட் பிளஸ் ஆகியவற்றில் உள்ள 68 செயல்களைப் பெரியவர்களைச் செய்ய வைத்து அளந்ததில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இலேசான உழைப்பாகவும் மூன்றில் ஒரு பங்கு மிதமான உழைப்பாகவும் இருந்தன. கடும் உழைப்பாக ஒன்றுகூட இல்லை. உடற்பயிற்சி என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்பிலும் பெரும்பகுதி வீட்டு வேலைக்கு நிகரான இலேசான அசைவே என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

ஆய்வகமும் வீடும்

மேற்கண்ட அளவீடுகள் ஆய்வகத்தில், ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, சில நிமிடங்களில் எடுக்கப்பட்டவை. குழந்தை தன் வீட்டில் இதே விளையாட்டை எப்படி ஆடும் என்பதை அவற்றால் சொல்ல இயலாது. அதை அறிய அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். 9 முதல் 12 வயதுள்ள, வீட்டில் வீ இல்லாத குழந்தைகளுக்கு அக்கருவி வழங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு உடலசைவு விளையாட்டுகளும் மற்றொரு பிரிவினருக்கு அமர்ந்து ஆடும் விளையாட்டுகளும் தரப்பட்டன. எவ்வளவு ஆட வேண்டும் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. சலிப்புத் தட்டாதிருக்க ஏழாம் வாரத்தில் புதிய விளையாட்டு ஒன்றும் கொடுக்கப்பட்டது. 13 வாரங்களில் குழந்தைகள் அணிந்திருந்த அளவுகருவிகள் காட்டியது என்னவெனில், இரு பிரிவினரின் உடலுழைப்பிலும் வேறுபாடே இல்லை. முடிவு 2012இல் வெளியானது.

இதற்கு இரு விளக்கங்கள் சாத்தியம். குழந்தைகள் விளையாட்டைக் குறைந்த அசைவுடன் ஆடியிருக்கலாம். அல்லது திரை முன் ஆடிய நேரத்தை, தெருவிலோ முற்றத்திலோ ஓடியாடும் நேரத்திலிருந்து எடுத்திருக்கலாம். இரண்டாவது விளக்கம் பெற்றோர் கவனிக்க வேண்டியது. மாலையில் பந்து விளையாடச் செல்லும் குழந்தை அதை விட்டுவிட்டு வீட்டில் திரை டென்னிஸ் ஆடினால், அசைவு விளையாட்டு வாங்கியதால் உடலுழைப்பு கூடாது, குறையவும் கூடும்.

சில ஆண்டுகளுக்குப் பின் லூசியானா மாநிலத்தில் நடந்த மற்றொரு ஆய்வு வேறு முடிவைத் தந்தது. உடல் எடை மிகுந்த 46 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் கினெக்ட் விளையாட்டுகளை 24 வாரங்கள், வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் குடும்பத்தினர் ஒருவரோடு அல்லது நண்பரோடு ஆட வேண்டும் என்று அட்டவணை வகுக்கப்பட்டது. பயிற்றுநர் ஒருவர் வீடியோ அழைப்பில் தவறாமல் பேசி முன்னேற்றத்தைக் கேட்டறிந்தார். குழந்தைகள் பெரும்பாலான அமர்வுகளை முடித்தனர். வயதுக்கேற்பக் கணக்கிடப்பட்ட அவர்களது உடல் நிறை குறியெண் சற்றுக் குறைந்தது. விளையாட்டு வழங்கப்படாத பிரிவினருக்குக் குறையவில்லை. இரண்டு ஆய்வுகளையும் ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு கருவியில் இல்லை. ஹூஸ்டனில் கருவி மட்டும் தரப்பட்டது. லூசியானாவில் கருவியுடன் நேரம், துணை, விசாரிப்பவர் ஆகிய மூன்றும் தரப்பட்டன.

ஆர்வம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு 2016இல் வெளியான போக்கிமான் கோ நல்ல சான்று. கைப்பேசியுடன் வெளியே நடந்து சென்று ஆடும் இவ்விளையாட்டைப் பற்றி ஹார்வர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, விளையாட்டை நிறுவிய முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தனர். வாரந்தோறும் அது குறைந்து, ஆறாம் வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பியது.

பள்ளிகளில்

குழந்தைகளிடையே உடற்பருமன் மிகுந்திருந்த மேற்கு வர்ஜீனியா மாநில அரசு, தன் 765 அரசுப் பள்ளிகளிலும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனைக் கொண்டுவரப் போவதாக 2006இல் அறிவித்தது. குழு விளையாட்டுகளில் நாட்டமில்லாத மாணவர்களையும் உடற்கல்வி வகுப்பில் ஈடுபடுத்துவது இதன் நோக்கங்களுள் ஒன்று. அணி பிரிக்கும்போது கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாணவருக்கு, தன் முந்தைய மதிப்பெண்ணோடு மட்டுமே போட்டியிடும் விளையாட்டு ஆறுதலானது. மற்றவர் முன் தோற்கும் கூச்சம் இதில் குறைவு.

வகுப்பறையில் இதற்கு ஒரு வரம்பும் உண்டு. நாற்பது மாணவர்களுக்கு இரண்டு பாய்கள் இருந்தால், ஒரு மாணவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அவர் வரிசையில் நின்று பார்ப்பவராகவே இருப்பார். ஒருவர் பாயில் ஆட, மற்றவர்கள் தரையில் அதே அடிகளை எடுத்து வைக்குமாறு செய்தால் வகுப்பு முழுவதும் அசைவில் இருக்கும்.

முதியோருக்கும் நோயாளிகளுக்கும்

அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் வீ பௌலிங் போட்டிகள் பரவலாயின. உண்மையான பௌலிங் பந்து 7 கிலோ வரை எடையிருக்கும்; வீ கைப்பிடி சுமார் 150 கிராம்தான். நாற்காலியிலோ சக்கர நாற்காலியிலோ அமர்ந்தபடியும் ஆடலாம். இதில் உடலுழைப்பு குறைவு எனினும், அறையைவிட்டு வெளியே வந்து பிறரோடு சிரித்துப் பேசி ஆடுவது தனிமையில் இருப்போருக்குப் பெரும் பயனாகும்.

முதியோருக்கு முதன்மையான ஆபத்து கீழே விழுதல். 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலைப் பயிற்சியும் தசை வலுப்பயிற்சியும் சேர்ந்த உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சமநிலைப் பலகை விளையாட்டுகள் இதற்கு உதவக்கூடியவை. பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உடனுக்குடன் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள இயல்வது இவற்றின் சிறப்பு. ஆனால் பலகையின் உயரமே தடுக்கிவிடக் கூடும் என்பதால் அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.

பக்கவாதத்தால் கை பலவீனமானவர்களுக்கு வீ உதவுமா என்பதைக் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் 141 நோயாளிகளிடம் ஆராய்ந்தனர். வழக்கமான சிகிச்சையோடு ஒரு பிரிவினர் வீ ஆடினர். மற்றவர் சீட்டாட்டம், டாமினோ போன்றவற்றை ஆடினர். 2016இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரும் முன்னேற்றம் கண்டனர். இரண்டிற்கும் இடையே வேறுபாடு இல்லை. கையை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே இங்கு மருந்து என்றும், அதற்கு எளிய விளையாட்டே போதுமானதாக இருக்கலாம் என்றும் இதிலிருந்து கொள்ளலாம். விலை உயர்ந்த கருவி வாங்க இயலவில்லையே என்று வருந்தும் குடும்பத்தினருக்கு இது நல்ல செய்தி.

காயங்களும் எச்சரிக்கைகளும்

வீ வெளியான சில வாரங்களிலேயே, வீசும் வேகத்தில் கைப்பிடி கையிலிருந்து நழுவித் தொலைக்காட்சியை உடைத்த செய்திகள் வந்தன. 2006 டிசம்பரில் நின்டெண்டோ, மணிக்கட்டில் மாட்டும் நாடாவுக்குப் பதிலாக வலுவான நாடாவைத் தர முன்வந்தது. 2007இல் ஸ்பெயினைச் சேர்ந்த 29 வயது மருத்துவர் ஒருவர், நெடுநேரம் வீ டென்னிஸ் ஆடியதால் தன் தோளில் ஏற்பட்ட தசைநாண் அழற்சியைப் பற்றி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். உண்மையான டென்னிஸில் மட்டையின் எடையும் ஓட்டமும் களைப்பைத் தந்து ஆட்டத்தை நிறுத்தச் செய்யும். இங்கே மூச்சு வாங்காததால் ஒரே தசைநாணை அளவுக்கு மீறி உழைக்க வைப்பது எளிதாகிவிடுகிறது.

மற்றொரு சிக்கல் எண்களால் வருவது. வீ ஃபிட் உயரத்தையும் எடையையும் கொண்டு உடல் நிறை குறியெண்ணைக் கணக்கிட்டு, ஆடுபவர் எடை மிகுந்தவர் என்றோ குறைந்தவர் என்றோ அறிவிக்கும். 2008இல் பிரிட்டனில் 10 வயதுச் சிறுமியைப் பருமனானவர் என்று கூறியதால் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. வளரும் குழந்தையின் குறியெண்ணை வயது, பால் ஆகியவற்றோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும். அதை மருத்துவரிடம் விடுவதே நல்லது. அதுபோலவே திரையில் தோன்றும் கலோரிக் கணக்கையும் தோராயமானதாகவே கொள்ள வேண்டும்.

பயன்படுத்தும் முறை

5 முதல் 17 வயதுக்குட்பட்டவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடமும் மிதமான உழைப்பிலேனும் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. உடலசைவு விளையாட்டு இக்கணக்கில் சேர, பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

1. காலுக்கு வேலை தரும் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தல். நடனம், நின்ற இடத்தில் ஓட்டம், உட்கார்ந்து எழுதல் ஆகியவை உள்ள விளையாட்டுகள், கையை மட்டும் வீசுபவற்றைவிடப் பயன் மிக்கவை.

2. பேச்சுச் சோதனை செய்தல். ஆடும்போது பேச முடிந்து, பாட முடியாமல் மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. இயல்பாகப் பாட முடிந்தால் இலேசான உழைப்பே. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

3. மதிப்பெண்ணுக்காகச் சுருக்காமல் முழு அசைவையும் செய்தல். மணிக்கட்டால் வெல்ல முடிந்தாலும் தோளிலிருந்து வீசுவதே பயிற்சி.

4. நாளும் நேரமும் குறித்து, துணையோடு ஆடுதல். ஒருவர் ஆடியதை மற்றொருவர் கேட்டறியும் வழக்கம் பல வாரம் தொடர உதவும்.

5. அமர்ந்து திரை பார்க்கும் நேரத்திற்குப் பதிலாக ஆடுதல். வெளியில் ஓடியாடும் நேரத்தை இதற்காகக் குறைக்கக் கூடாது.

6. தொடங்குமுன் உடலைத் தளர்த்திக்கொள்ளுதல், கைப்பிடியின் நாடாவை மாட்டிக்கொள்ளுதல், சுற்றிலும் தலைக்கு மேலும் இடம் பார்த்தல். வழுக்கும் தரையில் காலுறையோடு ஆடக் கூடாது. மாடி வீட்டில் இருப்போர் கீழ்வீட்டாரை எண்ணிக் குதிக்காத வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ரிங் ஃபிட்டில் ஓட்டத்திற்குப் பதிலாக முழங்காலை மடக்கி நிமிரும் ஓசையற்ற முறை உள்ளது.

7. இதய நோய், மூட்டு வலி, தலைசுற்றல், வலிப்பு உள்ளவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டல்.

முடிவுரை

நெடுநேரம் அமர்ந்தே இருப்பவருக்கும், மழைக்காலத்தில் வெளியே செல்ல முடியாதவருக்கும், களத்தில் இறங்கக் கூச்சப்படும் மாணவருக்கும் உடலசைவு வீடியோ விளையாட்டு ஒரு நல்ல தொடக்கமாக அமையலாம். ஓட்டம், நீச்சல், பந்தாட்டம் ஆகியவற்றின் இடத்தை அது நிரப்புவதில்லை. திரையில் கிடைக்கும் வெற்றி, கருவி கேட்ட அசைவு கிடைத்தது என்பதை மட்டுமே காட்டும். உடலுக்குப் பயிற்சி கிடைத்ததா என்பதை ஆடுபவரின் மூச்சும் வியர்வையும், சில வாரங்களுக்குப் பின்னும் அவர் ஆடிக்கொண்டிருக்கிறாரா என்பதும் காட்டும்.